மாத்திரை செல்லிடம் என்ன சொல்கிறது? – ஒரு சிக்னல்காரனின் விளக்கம்

நம் சங்கத்தில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் வீட்டில் மாத்திரை டப்பா இல்லாத வீடு அநேகமாக இருக்காது. பொங்கல் விழாப் பந்தியில் இலை போட்டதும், சாம்பார் வருவதற்குள் சட்டைப் பையிலிருந்து மாத்திரைப் பட்டையை எடுப்பவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். அந்தப் பட்டையின் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பெயரையும் ஒருமுறை படித்துவிடுங்கள். அட்டெனோலால், மெட்டோப்ரோலால், ப்ரோப்ரனலால் என்று, இந்தப் பக்கத்து மோகன்லால், சுந்தர்லால் மாதிரி 'லால்' என்று முடிந்தால், அவையெல்லாம் ஒரே குடும்பம் என்று வைத்துக்கொள்ளலாம். பீட்டா தடுப்பான்கள் என்று பெயர். ரத்த அழுத்தம், நெஞ்சுவலி, படபடப்பு ஆகியவற்றுக்குக் கொடுக்கிறார்கள்.

எனக்கும் அதில் ஒன்றை டாக்டர் எழுதினார். எழுதுமுன், "ஹாம்பானி உண்டா?" என்று கேட்டார். ஆஸ்துமாவுக்கு வங்காளிகள் சொல்லும் பெயர் அது. இதயத்துக்கு மருந்து எழுதுகிறவர் மூச்சைப் பற்றி எதற்குக் கேட்கிறார் என்று தேடத் தொடங்கியவன், கடைசியில் என் பழைய தொழிலிலேயே வந்து நின்றேன். அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டிப்ளமோ படித்து ரயில்வே சிக்னல் பிரிவில் காலம் கழித்தவன். மருந்தியல் என் துறையல்ல. ஜாதவ்பூரில் பார்மசி மேற்படிப்பு படிக்கும் என் தங்கை மகள் பொறுமையாக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இதைப் பெற்றோர் வாசித்துக் காட்டினால் நல்லது. நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் காதில் ஏறுகிற வேகத்தில் கண்ணில் ஏறுவதில்லை.

மருந்து ரத்தத்தில் கலந்தவுடன் உடம்பு முழுவதும் போகிறது. ஆனால் எல்லா இடத்திலும் வேலை செய்வதில்லை. ஏன்? 1905-ஆம் ஆண்டு, கேம்பிரிட்ஜில் லாங்லி என்ற உடலியல் அறிஞர் இதற்கு ஒரு விடை சொன்னார். நிக்கோட்டின் பட்டால் தசை சுருங்கியது. தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்பில் தடவும் க்யூராரே என்ற நஞ்சு அதைத் தடுத்தது. நரம்பு செத்துப்போன தசையிலும் இதே கதைதான். ஆகவே தசைச் செல்லிலேயே மருந்தை வாங்கிக்கொள்ளும் ஏதோ ஒரு பொருள் இருக்கவேண்டும் என்றார். அதைத்தான் இன்று ரிசெப்டர், தமிழில் ஏற்பி, என்கிறோம். அந்தக் காலத்தில் யாரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. விளைவை வைத்து ஊகித்ததுதான்.

1948-ல் அமெரிக்காவில் ஆல்குவிஸ்ட் என்பவர், அட்ரினலினுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகை ஏற்பிகள் இருக்கவேண்டும் என்று எழுதினார். அவர் கட்டுரையை முதலில் அனுப்பிய பத்திரிகை திருப்பி அனுப்பிவிட்டது. பல வருஷம் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக் எடுத்துக்கொண்டார். பீட்டாவை மட்டும் அடைத்தால் இதயத்தின் உழைப்பு குறையும், நெஞ்சுவலி தணியும் என்று கணக்குப் போட்டு ப்ரோப்ரனலாலைக் கொண்டுவந்தார். 1988-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதற்கிடையே, 1967-ல், பீட்டாவிலேயே இரண்டு உண்டு என்பது வெளியாயிற்று. பீட்டா-1 பெரும்பாலும் இதயத்தில். பீட்டா-2 மூச்சுக்குழாய்த் தசையில். இழுப்பு நோய்க்காரர்கள் இன்ஹேலரில் உறிஞ்சும் சால்புடமால் பீட்டா-2-ஐத் தூண்டி மூச்சுக்குழாயைத் தளர்த்துகிறது. பீட்டா தடுப்பான் அதே இடத்தில் போய் உட்கார்ந்தால்? குழாய் இறுகும். டாக்டர் கேட்ட கேள்விக்குக் காரணம் இவ்வளவுதான். அட்டெனோலாலும் மெட்டோப்ரோலாலும் பீட்டா-1-ஐ அதிகம் விரும்புகிறவை என்றாலும், அளவு கூடக்கூட அந்தப் பாரபட்சம் குறைந்துகொண்டே போகும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். கண் நீர் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தும் இந்த லால் குடும்பம்தான். கண்ணில் விட்ட சொட்டு மூக்குக்கு இறங்கி அங்கிருந்து ரத்தத்தில் கலக்கிறது. ஊரிலிருந்து அப்பா அம்மாவைக் கூட்டிவந்து இங்கே கண் டாக்டரிடம் காட்டுகிறவர்கள், அவர்களுக்கு வீசிங் இருந்தால் அதையும் சொல்லிவிடவேண்டும். அதேபோல, ஏற்கெனவே பீட்டா தடுப்பான் சாப்பிடுகிறவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்திவிடக்கூடாது. அது இதயத்துக்கு ஆபத்து. எதுவானாலும் டாக்டரைக் கேட்டுத்தான்.

சரி, ஒரு மருந்து எந்த ஏற்பியில் உட்காருகிறது, உட்கார்ந்து என்ன செய்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பழைய முறைகள் எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு லேபிள் உண்டு. மருந்தின் மூலக்கூறில் கதிரியக்க அயோடினைச் சேர்த்து, அது எங்கே ஒட்டுகிறது என்று எண்ணலாம். 1970-களில் லெஃப்கோவிட்ஸ் இந்த முறையால்தான் பீட்டா ஏற்பியைத் துரத்திப் பிடித்தார். அல்லது செல்லுக்குள் ஒளிரும் சாயத்தைச் செலுத்தி, கால்சியம் கூடினால் சாயம் பளிச்சிடும்படி செய்யலாம். எல்லாம் அருமையான முறைகள். குறை ஒன்றுதான். கால்சியம் சாயம் கால்சியத்தைப் பற்றித்தான் சொல்லும். செல்லுக்குள் வேறு பத்து காரியம் நடந்தாலும் அதற்குத் தெரியாது. போதாததற்கு, லேபிள் ஒட்டியதாலேயே மருந்தின் குணமோ செல்லின் குணமோ கொஞ்சம் மாறிவிடவும் கூடும்.

இங்கேதான் என் மருமகள் தன் குறிப்பேட்டில் ஒரு படத்தைக் காட்டினாள். ஒரு சின்னக் கிண்ணம், அடியில் தங்கப் பூச்சில் இரண்டு மின்முனைகள், அவற்றின்மேல் செல்கள். "மாமா, இதை எங்கேயோ பார்த்த மாதிரி இல்லை?" என்றாள். பார்த்த மாதிரியா? வாழ்க்கை முழுவதும் அதைத்தானே பராமரித்தேன்!

ரயில்வேயில் ட்ராக் சர்க்யூட் என்று ஒன்று உண்டு. பாதையில் ஒரு துண்டை இரு முனையிலும் இன்சுலேட்டட் ஜாயிண்ட் போட்டுப் பிரித்துவிடுவோம். ஒரு முனையில் பாட்டரி, மறுமுனையில் ரிலே. பாதை காலியாக இருந்தால் கரண்ட் தண்டவாளம் வழியே போய் ரிலேயைத் தூக்கி நிறுத்தும். வண்டி ஏறினால் சக்கரமும் அச்சும் இரு தண்டவாளத்தையும் இணைத்துவிடும், கரண்ட் அந்தக் குறுக்குவழியில் ஓடிவிடும், ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். பரிசோதிக்கும்போது நாங்கள் 0.5 ஓம் தடையைத் தண்டவாளத்துக்குக் குறுக்கே வைத்துப் பார்ப்போம். அப்போது ரிலே விழவேண்டும், விழாவிட்டால் அன்று வீட்டுக்குப் போகமுடியாது. வண்டியில் நாம் எதையும் ஒட்டுவதில்லை. மெயிலா, சரக்கா, தனி எஞ்சினா என்று கேட்பதில்லை. அது அங்கே இருக்கிறது என்பதே மின்சாரத்துக்குப் போதும்.

செல்களை வைத்து இதைச் செய்தவர் ஐவர் கியேவர். நார்வேயில் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்து, அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனிக்குப் போனவர். மீக்கடத்திகளில் எலெக்ட்ரான்கள் சுரங்கம் போல் ஊடுருவுவதைக் காட்டியதற்காக 1973-ல் பௌதிக நோபல் பரிசு பெற்றார். பரிசு வாங்கியவர்கள் பொதுவாக அந்தத் துறையிலேயே உட்கார்ந்து தலைமை உரை ஆற்றுவார்கள். இவரோ உயிரியல் பக்கம் போனார். 1984-ல் இவரும் சார்லஸ் கீஸ் என்பவரும் சேர்ந்து, தங்க மின்முனைமேல் செல்களை வளர்த்து அவற்றின் நடமாட்டத்தை மின்சாரத்தால் அளக்கலாம் என்று காட்டினார்கள். மின்முனையின் குறுக்களவு கால் மில்லிமீட்டர் அளவுதான். செலுத்தும் கரண்ட் ஒரு மைக்ரோ ஆம்பியர், விநாடிக்கு 4,000 சுழற்சி. நம் ஆடியோ அதிர்வெண் ட்ராக் சர்க்யூட்டுகளும் கிட்டத்தட்ட இந்த வட்டாரத்தில்தான் வேலை செய்கின்றன என்பதைப் பார்த்தபோது எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பால் ஆனது; நல்ல இன்சுலேட்டர். வளர்ப்பு திரவமோ உப்புக் கலந்தது, மின்சாரத்தைக் கடத்தும். மின்முனைமேல் செல் வந்து உட்கார்ந்து, கால் பரப்பிப் படுத்துக்கொண்டால், கரண்ட் அதன் அடியில் உள்ள இடுக்கிலும், இரண்டு செல்களுக்கு நடுவிலுள்ள சந்திலும் புகுந்துதான் போகவேண்டும். ஆகவே இம்பீடன்ஸ், பாடநூல் தமிழில் மின்எதிர்ப்பு, ஏறுகிறது. வண்டி வந்தால் எங்களுக்குக் கரண்ட் குறுக்கே ஓடிவிடும். இங்கே தலைகீழ், செல் வந்தால் கரண்டுக்கு வழி அடைபடும். செல் சற்றே சுருங்கினால், விரிந்தால், பக்கத்துச் செல்லோடு இறுக்கிக்கொண்டால், அளவு மாறுகிறது. ஒன்றும் செய்யாமல் விட்டாலும் கோடு நேராக நிற்பதில்லை. உயிருள்ள செல் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. செத்தால் அந்த நடுக்கம் நின்றுவிடுகிறது. இதை முதலில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இரண்டாவது ஒரு முறை ஒளியைக் கொண்டு. அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடிக் கம்பெனி 2000-களின் நடுவில் இதற்கு ஒரு கருவி கொண்டுவந்தது. கிண்ணத்தின் அடித்தட்டில் மிக நுண்ணிய வரிகள் போட்ட படலம் இருக்கும். கீழிருந்து பல அலைநீளங்கள் கலந்த ஒளியை அடித்தால் ஒரு குறிப்பிட்ட அலைநீளம் மட்டும் பலமாகத் திரும்பும். படலத்துக்கு மேலே சுமார் 150 நானோமீட்டர் உயரத்துக்குள், அதாவது செல்லின் அடிப்பாகத்தில், பொருள் கூடினாலோ குறைந்தாலோ அந்த அலைநீளம் இம்மியளவு நகரும். இம்மி என்றால் பிக்கோமீட்டர்; மீட்டரை லட்சம் கோடியாகப் பிரித்ததில் ஒன்று. ஏற்பி தூண்டப்பட்டதும் செல்லுக்குள் புரதங்கள் இடம் மாறுகின்றன. உள்ளே இருக்கும் சாரக்கட்டு அவிழ்ந்து வேறு மாதிரி கட்டப்படுகிறது. அந்த இடமாற்றம்தான் ஒளியில் தெரிகிறது. மேல் பிளாட்டில் நாற்காலி நகர்வது கீழ் பிளாட்காரருக்குக் கேட்பது மாதிரி.

இப்போது ஒரு சோதனையை நடத்திப் பார்ப்போம். மூச்சுக்குழாய்த் தசைச் செல்களைக் கிண்ணங்களில் விட்டு, ஒருநாள் வைத்திருந்து, அடி முழுவதும் பரவியபின் சால்புடமாலைப் பல அளவுகளில் ஊற்றுகிறோம்; ஒவ்வொன்றும் முந்தையதற்குப் பத்து மடங்கு. ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு கோடு கிளம்பி, சில நிமிஷத்தில் உச்சம் தொட்டு, மெல்லத் தணியும். உச்சங்களை அளவுக்கு எதிராக வரைந்தால் படுத்த எஸ் போல ஒரு வளைவு. பாதி உச்சத்துக்கு எவ்வளவு மருந்து வேண்டியிருந்தது என்பது அந்த மருந்தின் திறனுக்கு ஓர் எண். எவ்வளவு கொட்டினாலும் உச்சம் எட்டாத மருந்தும் உண்டு. அது பாதித் தூண்டி. அடுத்த வரிசையில் முதலில் ப்ரோப்ரனலாலை விட்டுவிட்டு, பிறகு சால்புடமாலை ஊற்றுகிறோம். வளைவு அப்படியே வலப்பக்கம் நகர்கிறது. இரண்டும் ஒரே ஆசனத்துக்குப் போட்டி போடுவதால், அதே விளைவுக்குக் கூடுதல் சால்புடமால் தேவைப்படுகிறது. சரியாக இரண்டு மடங்கு தேவைப்படும்படி செய்கிற தடுப்பானின் அளவு எதுவோ, அதுதான் அந்தத் தடுப்பான் ஏற்பியை எவ்வளவு இறுகப் பிடிக்கிறது என்பதற்குக் கணக்கு. இந்தக் கணக்கு லண்டனில் ஷில்ட் என்பவர் விலங்குகளின் குடல் துண்டையும் தசைத் துண்டையும் தொங்கவிட்டுப் போட்ட பழைய கணக்கு. அதைச் சாயமில்லாமல், உயிருள்ள செல்லில், நிமிஷத்துக்கு நிமிஷம் போடமுடிகிறது என்பதுதான் புதுமை.

ஆனால் கீழ் பிளாட்காரரின் கஷ்டம் இங்கேயும் உண்டு. நாற்காலி நகர்ந்தது கேட்கும். நகர்த்தியது யார் என்று தெரியாது. மழைக்கால இரவில் ஒரு பெரிய யார்டில் ட்ராக் சர்க்யூட் விழுந்தால் பேனலில் சிவப்பு மட்டும்தான் தெரியும். வண்டி நிற்கிறதா, ஜல்லியில் தண்ணீர் தேங்கிக் கரண்ட் கசிகிறதா, ஜாயிண்ட் போய்விட்டதா, தண்டவாளமே உடைந்திருக்கிறதா? விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றால் விடிந்துவிடும். டார்ச்சும் மீட்டரும் எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றி, எதைக் கழற்றினால் ரிலே எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கவேண்டும்.

செல்லிலும் அதையேதான் செய்கிறார்கள். சவ்வில் ஏழு முறை ஊடுருவி நிற்கும் இந்த வகை ஏற்பிகள் மனித உடலில் 800 அளவில் உண்டு. இன்று புழக்கத்தில் இருக்கும் மருந்துகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இவற்றின் மேல்தான் வேலை செய்கின்றன. ஏற்பி தூண்டப்பட்டதும் உள்ளே ஜி-புரதம் என்ற ஏவலாளைத் தட்டி எழுப்பும். அதில் ஜி-எஸ், ஜி-ஐ, ஜி-க்யூ என்று முக்கியமாகச் சில வகைகள். ஜெர்மனியின் பான் நகரத்தில் எவி கொஸ்டெனிஸ் என்ற பேராசிரியையின் குழு, 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒளி முறையை வைத்துக்கொண்டு இந்தக் கிளைகளை ஒவ்வொன்றாக அடைத்துப் பார்த்தது. ஜி-ஐ கிளையைத் துண்டிக்க, கக்குவான் இருமல் கிருமியின் நச்சு. ஜி-எஸ் கிளைக்குக் காலரா நச்சு. இது அந்தக் கிளையை நிரந்தரமாக எரியவிட்டுவிடும். ஏற்கெனவே எரிகிற விளக்கை மருந்து வந்து ஏற்றமுடியாதல்லவா, அதனால் அதன் பங்கு மறைந்துவிடும். நச்சு போட்டபின் கோடு மாறாமல் இருந்தால் சமிக்ஞை அந்த வழியாக வரவில்லை. கோடு படுத்துவிட்டால் அதே வழி. ஜி-க்யூவை அடைக்கவும் பொருள்கள் உண்டு. அவற்றில் ஒன்று, சிவப்புப் பழம் காய்க்கும் ஆர்டிசியா என்ற அலங்காரச் செடியின் இலையில் கிடைக்கிறது.

காலரா நச்சு என்றவுடன் கல்கத்தாவில் வாழும் நாம் ஒருவரை நினைக்காமல் தாண்டக்கூடாது. காலராவில் ஆளைக் கொல்வது கிருமியின் உடலா, அது கக்கும் நச்சா என்ற கேள்வி வெகுநாள் கிடந்தது. 1959-ல், கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இருந்த சம்புநாத் தே, கிருமியை வடிகட்டி நீக்கிய திரவத்தை மட்டும் முயலின் குடலில் செலுத்திக் காட்டினார். குடல் நீர் கோத்துக்கொண்டது. நச்சுதான் காரணம் என்பது உறுதியாயிற்று. கல்லூரித் தெருவில் புத்தகம் வாங்கப் போகும்போது அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் போகிறோம். எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, கிடைக்கவில்லை. 1985-ல் காலமானார். கொடிய நோய்க்குக் காரணமான அதே நச்சு, இன்று உலகமெங்கும் மருந்தாய்வாளர் கையில் ஒரு சோதனைக் கருவி.

ஒவ்வொரு வழியாக அடைத்துப் பார்க்கவேண்டிய அவசியம் ஏன் என்பதற்கு லால் குடும்பத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2007-ல் லெஃப்கோவிட்ஸின் ஆய்வுக்கூடத்தில் 16 பீட்டா தடுப்பான்களைச் சோதித்தார்கள். அது லேபிள் இல்லாத முறையல்ல, ஆனால் பாடம் நமக்கும் பொருந்தும். இதயம் பலவீனமானவர்களுக்குக் கொடுக்கும் கார்வெடிலால் அதில் ஒன்று. ஜி-எஸ் வழியைப் பார்த்தால் அது ஏற்பியை அணைக்கிறது. அரெஸ்டின் என்ற இன்னொரு புரதத்தின் வழியைப் பார்த்தாலோ, மற்றவை செய்யாத ஒன்றைச் செய்து, ஏற்பியைத் தூண்டுகிறது! ஒரே நெம்புகோல், ஒரு சிக்னல் சிவப்பு, இன்னொன்று பச்சை. ஜி-எஸ்ஸை மட்டும் அளந்தவர் இதை வெறும் தடுப்பான் என்று எழுதிவைத்திருப்பார். மருந்தை ஒரு ஸ்விட்ச் போல, போட்டால் எரியும் அணைத்தால் அணையும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது பெரிய செய்தி. முழுச் செல்லின் அசைவையும் பார்க்கும் கருவிக்கு மதிப்பு கூடுவது இதனால்தான். எதைக் கேட்பது என்று முன்கூட்டியே தீர்மானிக்காமல், முதலில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பிறகு பிரிக்கலாம்.

தொல்லைகளும் இல்லாமல் இல்லை. ஒளி முறை வெப்பநிலை கொஞ்சம் மாறினாலும் ஆடும். மருந்தைக் கரைத்த திரவமும் கிண்ணத்துத் திரவமும் ஒத்துப்போகாவிட்டால், மருந்தே இல்லாமல் ஒரு அழகான கோடு கிளம்பும். ஏமாந்தவர் அதைக் கண்டுபிடிப்பு என்று நினைப்பார். அதனால் வெறும் திரவம் ஊற்றிய கிண்ணம் ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்கவேண்டும். ஒரே ஏற்பி, ஒரே மருந்து. ஆனால் சிறுநீரகச் செல்லில் ஒரு வடிவக் கோடு, தோல் செல்லில் வேறு வடிவம். கோட்டின் முகத்தை மட்டும் பார்த்து ஜாதகம் சொல்வதை நான் நம்பமாட்டேன்.

என் மருமகள் மிகவும் ஆர்வமாகச் சொன்னது நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்து வேலையைப் பற்றி. சாயமோ செயற்கையாகத் திணித்த ஏற்பியோ தேவையில்லை என்றால், சாதாரண மனிதரின் ரத்தத்திலிருந்து எடுத்து வளர்த்த செல்லையே தங்க மின்முனைமேல் உட்காரவைக்கலாமே? 2015-ல் அவர்கள் அதைச் செய்தார்கள். அந்த நாட்டின் இரட்டையர் பதிவேட்டில் இருந்தவர்களின் வெள்ளணுக்களிலிருந்து வளர்த்த செல்களில், கஞ்சாப் பொருள்களுக்கு இடம் கொடுக்கும் ஏற்பி ஒன்றைத் தூண்டி, ஆளுக்கு ஆள் பதில் எப்படி இருக்கிறது என்று மின்எதிர்ப்பால் அளந்தார்கள். ரத்த அணுக்கள் இயல்பாக மிதப்பவை, மின்முனையில் ஒட்டாதவை. அடித்தட்டில் முதலில் ஒரு ஒட்டுப் புரதத்தைப் பூசி, அதன்மேல் அவற்றைப் பிடித்து உட்காரவைத்துத்தான் அளக்கவேண்டியிருந்தது.